வலக்காலைத் தூக்கியவரை என்ன செய்வது?

கேள்வி: மகளின் சலங்கை பூஜைக்காகச் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒன்றரை அடி உயர நடராசர் சிலை ஒன்றை வாங்கினோம். "ஆடும் சிவன் அழிக்கும் சிவன், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வைத்தால் குடும்பம் ஆட்டம் கண்டுவிடும்" என்கிறார் என் மாமியாரின் தோழி. எங்கள் சிலையில் இடக்காலுக்குப் பதிலாக வலக்கால் தூக்கியிருப்பதால் அது குறையுள்ள சிலை என்றும் சொல்கிறார். "ஐரோப்பாவில் அணு ஆய்வுக்கூடத்திலேயே நடராசரை வைத்திருக்கிறார்கள், பயப்படாதே" என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
(ஒரு வாசகி, செங்காங்)

பதில்: இருவர் சொல்வதையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, வாங்கி வந்த சிலையை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள் அம்மா. பயந்தவரும் பார்க்கவில்லை, பயத்தைப் போக்க முயன்றவரும் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

உங்கள் கணவருக்கான பதில் சிறியது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் அணு ஆய்வுக்கூட வளாகத்தில் இரண்டு மீட்டர் உயர நடராசர் நிற்பது உண்மைதான். 2004ஆம் ஆண்டில் இந்திய அரசு அன்பளிப்பாக வழங்கிய சிலை அது. அணுத்துகள்களின் ஓயாத இயக்கத்தைக் கூத்துக்கு ஒப்பிட்டது ஓர் அழகான உவமை. ஆனால் உவமையைச் சான்றிதழாக்கிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. சோழர் காலத்துச் சிற்பி மெழுகில் உருப்பிடித்தபோது அவர் மனத்தில் இருந்தது சைவம். அதற்கு ஆய்வுக்கூடத்தின் பரிந்துரை தேவைப்படவில்லை, இப்போதும் தேவையில்லை.

மாமியாரின் தோழியைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. புயல் அடித்தாலும், வெள்ளம் புகுந்தாலும், ஒரு மட்டையாளர் பத்துச் சிக்சர் விளாசினாலும் "ருத்ர தாண்டவம்" என்று தலைப்புப் போட்டுப் போட்டு, தாண்டவம் என்றாலே நாசம் என்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் ஏற்றியவர்கள் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள். இந்த இதழும் அதற்கு விலக்கன்று. ஆனால் உங்கள் சிலையில் இருப்பது ஆனந்தத் தாண்டவம். தில்லையில் ஆடப்படுவதாகச் சைவர்கள் கொண்டாடும் அந்தக் கூத்தின் பொருளை, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் மாணவர் திருவதிகை மனவாசகங்கடந்தார் தம் 'உண்மை விளக்கம்' என்னும் நூலில் ஒரே வெண்பாவில் சொல்லிவிட்டார். துடி என்னும் உடுக்கை ஏந்திய கையில் படைத்தல், 'அஞ்சாதே' என்று அமைத்த கையில் காத்தல், நெருப்பேந்திய கையில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், தூக்கிய பாதத்தில் முத்தி. ஐந்து தொழில்களில் அழித்தல் ஒன்று. அதற்கு உரியது நான்கு கைகளில் ஒரு கை. அந்த ஒன்றையும்கூட, பிறந்து இறந்து களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாகவே சித்தாந்தம் விளக்குகிறது. மீதி ஒரு கை மார்புக்குக் குறுக்கே வீசித் தூக்கிய திருவடியைக் காட்டுகிறது. அடைக்கலம் புக வேண்டிய இடம் எது என்பதை அவரே சுட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்போது, நாம் நெருப்பை மட்டும் பார்த்துக் கைகால் உதறுகிறோம்.

இப்போது விளக்கைச் சிலைக்கு அருகில் கொண்டுபோய்க் காதுகளைப் பாருங்கள். மரபு அறிந்த சிற்பி வார்த்ததாக இருந்தால் இரண்டு காதணிகளும் ஒன்றாக இரா: வலக்காதில் ஆணுக்குரிய குழை, இடக்காதில் பெண்ணுக்குரிய தோடு. சம்பந்தர் மூன்று வயதில் "தோடுடைய செவியன்" என்று தொடங்கியது இந்த இடக்காதை வைத்துத்தான். ஆடுபவர் ஒருவராகத் தெரிந்தாலும் அம்மையும் அந்த உடலில் பாதியாக இருக்கிறாள். பிறகு சடையையும் முகத்தையும் சேர்த்துப் பாருங்கள். சடை இருபுறமும் விசிறிப் பறக்கிறது, இடைத்துணி காற்றில் நீள்கிறது. முகமோ சிறிதும் அசையாமல், உதட்டோரம் ஒரு சிறு சிரிப்போடு இருக்கிறது. அந்தக் குமிண்சிரிப்பையும் எடுத்த பொற்பாதத்தையும் காணக் கிடைக்குமானால் மனிதப் பிறவியும் வேண்டும் என்றார் அப்பர். இனிப் பிறவியே வேண்டாம் என்று கேட்கும் மரபில் வந்தவர் சொன்ன சொல் இது. அதற்கும் கீழே குனிந்தால் காலடியில் முயலகன் கிடப்பான். அவன் செத்துக் கிடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஆணவத்தின் உருவமான அவனை இறைவன் மிதித்து அடக்கியிருக்கிறார், ஒழித்துவிடவில்லை. நல்ல வார்ப்புகள் பலவற்றில் அவன் தலையைத் திருப்பி மேலே பார்த்துக்கொண்டிருப்பான்.

அழிவோடு ஒட்டிய ஆடலே சிவனுக்கு இல்லையா என்று உங்கள் மாமியாரின் தோழி கேட்கக்கூடும். உண்டு. முப்புரம் எரித்தபின் ஆடிய கொடுகொட்டியைச் சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிக் காட்டுகிறாள். கலித்தொகையின் கடவுள் வாழ்த்து கொடுகொட்டி, பாண்டரங்கம், காபாலம் என மூன்று கூத்துகளைச் சொல்கிறது. அவை மூன்றும் அச்சம் தரும் கூத்துகளே. ஆனால் அந்தப் புலவரின் கவலை வேறாக இருக்கிறது: நீ ஆடும்போது சீரும் தூக்கும் பாணியும் தருபவள் உமைதானே என்று ஒவ்வொரு கூத்துக்கும் கேட்கிறார். சாம்பல் பூசி மண்டையோடு ஏந்தி ஆடும்போதும் பக்கத்தில் ஒருத்தி தாளம் தந்துகொண்டிருக்கிறாள். உங்கள் மகளின் ஆசிரியர் தட்டுக்கழியால் கட்டையைத் தட்டித் தாளம் காக்கிறாரே, ஏறக்குறைய அதே வேலை. வெறிபிடித்துச் சுழல்வதாக நாம் நினைத்துக்கொள்ளும் ஆட்டம் கணக்குத் தப்பாத ஆட்டம்.

இனி வலக்கால். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வெள்ளியம்பலத்தில் நடராசர் இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். அதற்குத் திருவிளையாடற் புராணம் சொல்லும் கதையை நடனம் கற்கும் பிள்ளை எவளும் உடனே புரிந்துகொள்வாள். அறுபத்து மூன்று கலைகளைக் கற்றுவிட்டு ஆடலை மட்டும் விட்டுவைத்திருந்த இராசசேகர பாண்டியன், அதையும் கற்கத் தொடங்கியபோதுதான் உடம்பு படும் பாட்டை உணர்ந்தான். நமக்கே இப்படி என்றால் எந்நேரமும் ஒரே காலை ஊன்றி ஆடுபவருக்கு எப்படி வலிக்கும் என்று கலங்கி, கால் மாறி ஆட வேண்டும், இல்லையேல் இந்த வாளின்மேல் விழுந்து உயிர்விடுவேன் என்று முறையிட்டான். கண்ணைத் திறந்தபோது கால் மாறியிருந்தது. மனவாசகங்கடந்தாரின் வெண்பாவும் ஊன்றிய பாதம், தூக்கிய பாதம் என்றுதான் சொல்கிறதே ஒழிய வலம், இடம் என்று பிரிக்கவில்லை. ஆகவே பொருளிலும் குறைவில்லை.

சிலையைத் தேக்காவுக்குத் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டாம். மகள் தினமும் பயிலும் அறையிலேயே வையுங்கள். முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியில் கால் கடுக்கிறது என்று அவள் அழும் நாளில் பாண்டியன் கதையைச் சொல்லுங்கள்.