பெல்ட் கத்தினால் பெல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள்

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் வெளியே ஓடும் பெல்ட் 'கீஈஈச்' என்று கத்துகிறது. இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. 6 மாதத்துக்கு முன்புதான் புது பெல்ட் போட்டேன். மறுபடி மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரியிலிருந்து நிறைய கரண்ட் போய்விடும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதை ஈடுகட்ட, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் முழு மூச்சாக வேலை செய்யும். அப்போது அதன் புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, சுற்றுவது கனக்கும். பெல்ட்டின் இழுவை, அதாவது இறுக்கம், கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அந்த இடத்தில் வழுக்கும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தம்தான். பேட்டரி நிரம்பியதும் சுமை குறைகிறது, சத்தமும் அடங்குகிறது. ஆகவே முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். வயதான பேட்டரி என்றால் ஆல்டர்னேட்டர் தினமும் கூடுதலாகப் பாடுபடும். அடுத்தது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எத்தனை புது பெல்ட் போட்டாலும் இதே கதைதான்.

சத்தத்தின் வகையையும் கவனியுங்கள். நீளமாகக் கீச்சிடுவது பெரும்பாலும் வழுக்கல். குருவி கத்துவதுபோல 'கிச்... கிச்...' என்று விட்டுவிட்டு வந்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகப்படலாம். எது என்று தெரியாவிட்டால், ஐட்லிங்கில் ஓடும்போது பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் நின்று, சிறிது நேரத்தில் திரும்பி வந்தால் நேர்கோட்டுக் கோளாறு. தண்ணீர் பட்டதும் இன்னும் உரக்கக் கத்தினால் இழுவை போதவில்லை. இதைச் செய்யும்போது சட்டைக்கை, துப்பட்டா, தலைமுடி எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக் கூடாது. கையைத் தள்ளியே வையுங்கள்.

என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு அதற்கு முன்பே மூன்று பெல்ட் மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் அமைதி, அப்புறம் பழையபடி 'கிச் கிச்'. டென்ஷனரில் குறை இல்லை, பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியும் சரி. இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்து, இன்ஜின் பெல்ட்டைச் சுற்றுகிற கிராங்க் புல்லியைப் பார்த்தேன். பம்பரம் ஓயும்போது தலையாட்டுமே, அதுபோல வெளி வளையம் ஆடிக்கொண்டிருந்தது. பல வண்டிகளில் அந்தப் புல்லி ஒரே துண்டு இல்லை. நடுவில் ஓர் இரும்பு, வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையில் அதிர்வைத் தாங்க ரப்பர். இன்ஜினை நிறுத்தி, உள்பாகத்திலிருந்து வெளி வளையம் வரை வெள்ளை மார்க்கரால் ஒரு நேர்கோடு போட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கோடு இரண்டாக விலகி நின்றது. ரப்பர் விட்டுப்போயிருந்தது. புல்லியை மாற்றியதும் சத்தம் போய்விட்டது. அந்த மூன்று பெல்ட்டும் ஒரு தப்பும் செய்யவில்லை.

சத்தத்தை நிறுத்த பெல்ட்டில் அடிக்கும் ஸ்ப்ரே போடலாமா? சோப்புத் தேய்த்தால் போதும் என்கிறார்களே?

இரண்டும் வேண்டாம். சத்தம் கொஞ்ச நேரம் மறையும், காரணம் அப்படியே இருக்கும். பிசுக்கில் தூசி ஒட்டிப் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும்.

80,000 கிமீ ஓடிவிட்டது. பெல்ட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. இன்னும் ஓட்டலாம்தானே?

விரிசலை வைத்து முடிவெடுத்தது பழைய நியோப்ரீன் பெல்ட் காலத்தில். இப்போது வருபவை பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர். இது அவ்வளவு எளிதில் விரிசல் விடாது. டயர் தேய்வதுபோல சத்தமில்லாமல் தேயும். பார்ப்பதற்குப் புதிது மாதிரி இருக்கும், பிடி மட்டும் போயிருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெல்ட்டைத் திருப்பி, பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நல்ல பெல்ட்டில் வரிகளின், அதாவது பள்ளங்களுக்கு இடையே நீளவாக்கில் ஓடும் மேடுகளின், பக்கச் சரிவுதான் புல்லியைப் பிடிக்கும், வரியின் நுனி புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொடாது. தேயத் தேயப் பள்ளம் அகன்று, பெல்ட் புல்லிக்குள் இறங்கி உட்கார ஆரம்பிக்கும். நுனி போய் அடியில் இடித்தால் சரிவுக்குப் பிடி கிடைக்காது. மழைத் தண்ணீர் புகுந்தால் வெளியேறவும் வழியிருக்காது. ஒரு புதுப் பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே கண்ணில் படும். வரி பெயர்ந்து விழுந்திருந்தாலோ, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கினாலோ, பெல்ட் கண்ணாடிபோலப் பளபளத்தாலோ யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பல வண்டிகளில் 60,000 முதல் 1,00,000 கிமீக்குள் மாற்றும் கட்டம் வந்துவிடும். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிந்து பெல்ட்டில் பட்டுவிட்டது. துடைத்துவிட்டு ஓட்டலாமா?

இரண்டு சொட்டு தெறித்தது என்றால் துடைத்துப் பார்க்கலாம். ஊறிவிட்டது என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆயில் பட்டால் இன்னும் மோசம், ரப்பர் உப்பி மெத்தென்று ஆகிவிடும். ஆனால் கசிவை அடைத்த பிறகுதான் புது பெல்ட். முதலில் பெல்ட்டைப் போட்டால் அதுவும் நனையும்.

பெல்ட்டில் '6பிகே1750' என்று இருக்கிறது. கடையில் 1770 தான் கிடைத்தது. போடலாமா?

வேண்டாம். 6 என்பது வரிகளின் எண்ணிக்கை. பிகே என்பது வரியின் வடிவம், அடுத்தடுத்த வரிகளுக்கு இடையே 3.56 மில்லிமீட்டர். 1750 என்பது மில்லிமீட்டரில் நீளம். 20 மில்லிமீட்டர் கூடினால் டென்ஷனரின் கை தன் எல்லை வரை போய் நின்றுவிடலாம், அதன் பிறகு அதனால் இழுக்க முடியாது. 6 வரிக்குப் பதில் 5 வரி போடுவதும் கூடாது.

ஓடும்போது அறுந்துவிட்டால் என்ன செய்வது?

பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் என்றால் ஸ்டீயரிங் சட்டென்று கல்லாகிவிடும். பயப்படாமல் இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பி ஓரம் கட்டுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுகிற வண்டி என்றால் 'பக்கத்தில்தானே ஒர்க்‌ஷாப், போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று ஓட்டவே ஓட்டாதீர்கள். கூலண்ட் சுற்றாமல் சில நிமிடங்களில் இன்ஜின் கொதிக்கும், இன்ஜினின் தலைப்பகுதியை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போனால் செலவு பெல்ட்டின் விலையோடு ஒப்பிடவே முடியாது. புது பெல்ட் போடும் முன், அறுந்த நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில இன்ஜின்களில் அது டைமிங் பெல்ட் இருக்கும் கவருக்குள் நுழைந்து பெரிய சேதம் செய்யும்.

பெல்ட் மாற்றியாகிவிட்டது. டைமிங் பெல்ட்டுக்கும் சேர்த்து நிம்மதிதானே?

இல்லை, அது வேறு. அது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பல் வைத்த பெல்ட், கவருக்குள் மறைந்திருக்கும். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்கு கிமீ, வருடம் என இரண்டு கெடு உண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். உங்கள் இன்ஜினில் அதற்குப் பதில் செயின்கூட இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நானே மாற்றிப் பார்க்க ஆசை. எதில் கவனம் வேண்டும்?

தாராளமாகச் செய்யுங்கள். இன்ஜின் ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பழைய பெல்ட் எப்படிச் சுற்றி வருகிறது என்று கழற்றும் முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு எல்லாப் பெல்ட்டும் ஒரே மாதிரிக் குழப்பும். டென்ஷனரை நீளமான ஸ்பேனரால் மெல்லத் திருப்புங்கள். பட்டென்று விட்டால் விரல் நசுங்கும்.

பெல்ட் கழன்றிருக்கும் அந்த நேரம்தான் பொன்னான நேரம். ஐட்லர், டென்ஷனர் புல்லி, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல விரலில் தெரிந்தாலோ, முன்னும் பின்னும் ஆடினாலோ அந்த பேரிங் முடிந்தது. இதைப் பார்க்காமல் பெல்ட்டை மட்டும் மாட்டினால் சீக்கிரமே மறுபடி கழற்ற வேண்டிவரும்.

மாட்டும்போது வழுவழுப்பான புல்லியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் பெல்ட்டை ஏற்றுவது எளிது. எல்லாம் மாட்டியதும் ஒவ்வொரு புல்லியிலும் வரி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி வெளியே தள்ளி நிற்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. பிறகு ஸ்பேனரால் இன்ஜினை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி தடவிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

போல்ட்டால் இழுவை வைக்கும் பழைய முறை என்றால் வீணைத் தந்திபோல முறுக்காதீர்கள். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள்தான் அடிபடும். டென்ஷனரே இல்லாமல், இழுத்து மாட்டும் பெல்ட்டும் உண்டு. அதற்குரிய கருவி இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளிருக்கும் நூல் அறும், வெளியே தெரியாது. கழற்றியதை மறுபடி மாட்டவும் கூடாது.

என்னுடையது மைல்டு ஹைப்ரிட் வண்டி, அதாவது இன்ஜினுக்குச் சிறிய மின்மோட்டார் உதவும் வகை. இதற்கும் சாதாரண பெல்ட் போதுமா?

போதாது. பல மைல்டு ஹைப்ரிட்களில் சிக்னலில் நின்ற இன்ஜினைத் திரும்ப எழுப்புவதே இந்த பெல்ட்தான். ஒரு நேரம் இன்ஜின் அதை இழுக்கும், ஒரு நேரம் அது இன்ஜினை இழுக்கும். அதனால் டென்ஷனரும் இரண்டு பக்கமும் தாங்குகிற மாதிரி இருக்கும். நிறுவனம் குறிப்பிட்ட பாக எண்ணைப் பார்த்து, அதையே வாங்கிப் போடுங்கள்.