தேதி கிடக்கட்டும், டிரம்மைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு (5 வயது, 28 கிலோ) 20 கிலோ ட்ரை ஃபுட் மூட்டை பாதி விலைக்குக் கிடைத்தது. ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. “அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போடுகிற தேதி” என்கிறார் விற்றவர். என் மைத்துனரோ “நாய்க்கு விஷம் வைக்கிறீர்களா?” என்கிறார். யார் சொல்வது சரி? மூட்டையைப் பிரித்து, வழக்கம்போல் பிளாஸ்டிக் டிரம்மில் அடியில் கிடந்த மிச்சத்தின் மேலேயே கொட்டிவிட்டேன், பையை எறிந்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு வரும். லேசாக ஒரு வாடை இருக்கிறது. ஒருநாள் வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா? தெருநாய்கள் குப்பையைத் தின்றே நன்றாகத்தானே இருக்கின்றன?

பதில்: தேதியைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்கிறீர்கள். டிரம்மைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான்.

முதலில் உங்கள் மைத்துனர். ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி முடிந்த நள்ளிரவில் உணவு விஷமாகிவிடாது. பிரிக்காத பையை, பையில் சொன்னபடி உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால், அந்தத் தேதிவரை சத்தும் சுவையும் நாங்கள் சொன்ன அளவில் இருக்கும் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் உறுதி அது. அவ்வளவுதான். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்து’ என்று அச்சிட்டிருந்தால் அது வேறு வகைத் தேதி. அதைத் தாண்டவே கூடாது.

இப்போது விற்றவர். தேதி சும்மா போட்டதல்ல. அது முடிந்தபின் நீங்கள் சரக்கோடு சேர்த்து அதன் பழைய வரலாற்றையும் வாங்குகிறீர்கள்: எத்தனை மாதம் எந்தக் கிடங்கில் இருந்தது, தகரக் கூரைக்குக் கீழா, ஜன்னல் வெயிலிலா என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. பாதி விலை கொடுத்தவர் அந்தச் சந்தேகத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டார்.

இந்த உணவு கெடும் விதம் சமைத்த சோறு கெடும் விதம் அல்ல. இதில் ஈரம் 10 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. இருக்கும் ஈரத்திலும் கிருமிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு மிகக் குறைவு. நீர்ச்செயற்பாடு என்று சொல்லும் அந்த அளவு 0.6-க்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையோ பாக்டீரியாவோ வளராது. ஆகவே ஊசிப்போவதில்லை. கெடுவது கொழுப்பு. மாவுக்கலவையை அழுத்தத்தில் வேகவைத்து, துளை வழியே பிதுக்கி, வெட்டி, உலர்த்திய பிறகுதான் கொழுப்பையும் சுவையூட்டியையும் மேலே தெளிக்கிறார்கள். அதனால் அந்தக் கொழுப்பில் பெரும்பங்கு, நுண்துளை நிறைந்த உருண்டையின் மேல்பரப்பில் மெல்லிய பூச்சாகக் காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆக்சிஜன் அதைத் தாக்காமலிருக்க டோகோஃபெரால் (வைட்டமின் ஈ குடும்பம்), ரோஸ்மேரிச் சாறு, அல்லது பி.எச்.ஏ., பி.எச்.டி. போன்ற செயற்கைக் காப்புப் பொருள் சேர்ப்பார்கள். இவை தம்மைத் தாமே செலவழித்துக்கொண்டுதான் கொழுப்பைக் காக்கின்றன. இருப்பு தீரும்வரை மாற்றம் பெரிதாகத் தெரியாது. தீர்ந்தபின் காறல், அதாவது கொழுப்பு கெட்டு வரும் வாடையும் சுவையும், கிடுகிடுவென ஏறும். தேதி என்பது, பிரிக்காத பையில் இந்த இருப்பு எதுவரை தாங்கும் என்பதன் கணக்கு. பையைப் பிரித்த நிமிடமே அந்தக் கணக்கு செல்லாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காறிய கொழுப்பு ஒருவேளைக்கு ஒரு நாயைச் சாய்த்துவிடாது. வாந்தி, பேதி, தீனியில் வெறுப்பு என்று தொடங்கும். தொடர்ந்து கொடுப்பதில்தான் சங்கடம். உணவிலுள்ள வைட்டமின் ஈ தீர்ந்துபோகிறது. வைட்டமின் ஏ, தயமின் போன்றவையும் நாளாக ஆகக் குறைகின்றன. நாம் நாளுக்கு நாலு விதமாகச் சாப்பிடுவதால் ஒன்றில் விட்டது இன்னொன்றில் கிடைக்கிறது. உங்கள் நாய்க்கு இரண்டு மாதமும் அந்த டிரம் ஒன்றுதான். ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பைத் தின்ற குட்டிகளின் வளர்ச்சி குன்றியதும், ரத்தத்தில் வைட்டமின் ஈ குறைந்ததும் ஆய்வில் பார்த்த விஷயங்கள்.

இனி டிரம். பழைய மிச்சத்தின் மேல் புதிதைக் கொட்டியது முதல் தவறு. காறிப்போன கொழுப்பு பக்கத்திலிருக்கும் நல்ல கொழுப்பையும் வேகமாகக் காற வைக்கும். பழைய தயிர் பாலை உறைய வைப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வழக்கம்போல்’ என்கிறீர்கள், அப்படியானால் அந்த டிரம்மின் அடியில் எந்த மாதத்துத் தூள் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிய எண்ணெய்ப் படலமும் அதே வேலையைச் செய்யும். பையை எறிந்தது இரண்டாவது தவறு. காற்றையும் ஈரத்தையும் தடுக்கவும், கொழுப்பு கசியாமலிருக்கவும் என்றே அதற்கு உள்ளுறை வைக்கிறார்கள். போதாததற்கு பேட்ச் எண்ணும் அதில்தான் இருந்தது. நாளை ஒரு பேட்சை நிறுவனம் திரும்பப் பெற்றால், உங்கள் டிரம்மில் இருப்பது அதுவா என்று எப்படிச் சொல்வீர்கள்? மூன்றாவது, அளவு. பிரித்த பை ஆறு வாரத்துக்குள் தீர வேண்டும். வெக்கையான இடமென்றால் நாலு வாரம். உங்கள் நாய் நாளுக்கு 330 கிராம் தின்கிறது என்றால் 20 கிலோ 60 நாள் வரும். தேதிக்கு ஒரு வருடம் மிச்சமிருக்கும் மூட்டையை வாங்கியிருந்தாலும், கடைசி 18 நாள் நீங்கள் போட்டிருக்கப்போவது காறல் தீனியைத்தான்.

வெயில் யோசனைக்கு வருகிறேன். செய்யவே செய்யாதீர்கள். தானியத்தில் ஈரம் ஏறினால் வெயில் காட்டுவது சரி. இங்கே சிக்கல் ஈரமல்ல, கொழுப்பு. ஆக்சிஜனோடு வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் அது இன்னும் வேகமாகக் காறும்; மூன்றையும் ஒருசேரக் கொடுக்கிறீர்கள். அதைவிட மோசம், காறல் வாடை தரும் பொருள்கள் எளிதில் ஆவியாகிறவை. வெயிலில் வாடை கொஞ்சம் குறையும், கெட்டது அப்படியே இருக்கும். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தீனி சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். வாணலியில் வறுப்பதற்கும் இதே பதில்தான். வெந்நீரில் ஊறவைத்தால் காறல் போகாது. அதுவரை உலர்ந்திருந்ததால் அடங்கிக் கிடந்த கிருமிகளுக்குத் தண்ணீர் வார்த்ததாகும். சால்மொனெல்லா என்ற பாக்டீரியா உலர் தீனியில் வளராது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நல்ல தீனியையே ஊறவைத்தாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தின்னாததை எறிந்துவிட்டுத் தட்டைக் கழுவுங்கள். தீனி அள்ளிய கையையும்.

தெருநாய் வாதம் எல்லாக் கடிதத்திலும் வருகிறது. நன்றாக இருக்கும் தெருநாய்தான் உங்கள் கண்ணில் படுகிறது. மற்றவை எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆக என் தீர்ப்பு: டிரம்மில் இருப்பதை எறியுங்கள். தேதி இரண்டு மாதம் தாண்டியதற்காக அல்ல. வாடை வந்துவிட்டது, பழையதோடு கலந்துவிட்டது, பேட்ச் எண் இல்லை. ‘தெருநாய்களுக்காவது போடலாமே’ என்ற அடுத்த கடிதத்தை எழுதாதீர்கள். அவற்றுக்கும் கல்லீரல் ஒன்றுதான் இருக்கிறது.

தேதி தாண்டிய எதையும் தொடவே கூடாதா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். பை பிரியாமல், தையலோ ஒட்டோ கிழியாமல், 25 டிகிரியை ஒட்டிய இடத்தில் உங்கள் கண்முன்னேயே இருந்தது. நாய் வயதுவந்தது, நோய் இல்லாதது. உணவு சாதாரண வகை. இவ்வளவும் பொருந்தினால் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் தாண்டியதற்கு நான் பதற மாட்டேன். வேகமாகத் தீர்த்துவிடுங்கள் என்பேன். குட்டி, சினை நாய், பாலூட்டும் தாய், கணையமோ கல்லீரலோ பழுதான நாய், மருத்துவர் எழுதிக்கொடுத்த சிகிச்சை உணவு என்றால் ஒருநாள்கூடத் தாண்ட வேண்டாம். மீன் எண்ணெய் சேர்த்த உணவுக்கும் அப்படித்தான். ஒமேகா-3 கொழுப்புதான் எல்லாவற்றுக்கும் முன்னால் காறும்.

சோதிப்பது எளிது. ஒரு கைப்பிடியைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, அறையில் சற்றுக் கதகதப்பான இடத்தில் அரை மணி வைத்துத் திறந்து உடனே முகருங்கள். தானியமும் இறைச்சியும் கலந்த வாசனை வந்தால் சரி. பழைய பெயின்ட், மெழுகுக் கிரேயான், பலமுறை காய்ச்சிய எண்ணெய் என்று ஏதாவது நினைவுக்கு வந்தால் அது காறல். பிறகு இரண்டு உருண்டைகளை உடையுங்கள். மொறுமொறுவென நொறுங்காமல் நமத்துப்போய் வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது, அடுத்தது பூஞ்சைதான். உருண்டைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நூலாம்படை அந்துப்பூச்சிப் புழுவின் வேலை. அடியிலுள்ள தூளைக் கறுப்புத் தாளில் கொட்டிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தூள் மெல்ல நகர்ந்தால் அவை மைட்டுகள் எனும் நுண்ணிய உண்ணிகள். தோல் ஒவ்வாமை உள்ள நாய் ஓயாமல் சொறிவதற்கு இவையும் காரணமாகலாம். ‘கெட்டிருந்தால் நாயே தின்னாதே’ என்று இருந்துவிடாதீர்கள். சில நாய்கள் ஒதுக்கும். பெருந்தீனிக்குப் பெயர்போன லேப்ரடாரை நீதிபதியாக வைக்க முடியாது.

தேதி எதையும் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு: அஃப்ளடாக்ஸின். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை மக்காச்சோளம், நிலக்கடலை போன்றவற்றில் உண்டாக்கும் நச்சு. தீனியாவதற்கு முன் தானியத்திலேயே ஏறிவிடலாம். வேகவைப்பதில் முழுவதும் அழியாது. கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. செல்லப்பிராணி உணவில் ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் தாண்டினால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நடவடிக்கை எடுக்கும்; அத்தனை நுண்ணிய அளவு. 2020 டிசம்பர் இறுதியில் அங்கே திரும்பப் பெறப்பட்ட உலர் உணவால் 100-க்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் வந்தன. அந்தப் பைகளில் அச்சிட்டிருந்த தேதி 2022 மார்ச். தேதி பாக்கியிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காகவும்தான் இதைச் சொல்கிறேன். சரியான தீனியும் டிரம்மில் ஈரம் பட்டால் இதே பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

அடுத்த முறை வாங்கும்போது, நாளுக்கு எத்தனை கிராம் என்பதை 42-ஆல் (ஆறு வாரத்து நாள்கள்) பெருக்குங்கள். உங்கள் நாய்க்கு 14 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே வரும். அதற்கு மேற்பட்ட மூட்டை எத்தனை மலிவானாலும் வேண்டாம். தயாரித்த தேதியை மட்டும் அச்சிட்டு ‘அதிலிருந்து 18 மாதம்’ என்று எழுதியிருந்தால் கணக்கை நீங்களே போட வேண்டும். 03/04 போன்ற தேதியில் எது நாள், எது மாதம் என்றும் பாருங்கள். பெரிய மூட்டைகள் சிலவற்றில் அடுக்கும்போது காற்று வெளியேற ஊசித்துளை விட்டிருப்பார்கள். அதனால் ‘பிரிக்காத பை’ என்பதாலேயே காற்று புகாத பை ஆகிவிடாது. அவிழ்த்து நிறுத்து விற்கும் தீனிக்குத் தேதியும் கிடையாது, பேட்சும் கிடையாது, வாங்காதீர்கள்.

டிரம் வேண்டுமென்றால் பையோடு உள்ளே இறக்குங்கள். வாயைச் சுருட்டிக் கிளிப் போட்டு மூடியை இறுக்குங்கள். பிரித்த தேதியைப் பையில் மார்க்கரால் எழுதுங்கள். அறையின் வெப்பம் 27 டிகிரியைத் தாண்டாமலிருந்தால் நல்லது. ஃபிரிட்ஜில் வைத்து வைத்து எடுத்தால் உருண்டைமேல் ஈரம் வேர்க்கும், வேண்டாம். ஃப்ரீசரில் வைக்கலாம், ஆனால் வாரத்துக்கு ஒரு பொட்டலமாகக் காற்றை வெளியேற்றிக் கட்டி, எடுத்த பொட்டலம் அறைச் சூட்டுக்கு வந்தபிறகே பிரிக்க வேண்டும். டிரம்மை ஒவ்வொரு மூட்டைக்கும் நடுவில் வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டுத் தேய்த்து, முழுதாக உலர்த்துங்கள். கழுவியபின்னும் வாடை அடித்தால் பிளாஸ்டிக் எண்ணெயைக் குடித்துவிட்டது. அந்த டிரம்மை வேறு வேலைக்கு வையுங்கள்.

வழக்கமாக உணவை மாற்றும்போது பழையதில் புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று ஒரு வாரம் கலந்து மாற்றச் சொல்வோம். இங்கே அது பொருந்தாது, இன்றே நிறுத்துங்கள். புதியதை இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளையாகப் போடுங்கள். டிரம்மைக் காலி செய்யுமுன் அரைக் கிலோவை மூடியுள்ள பாட்டிலில் எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். நாய் சோர்ந்து படுத்தாலோ, தீனியை மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஈறும் கண்வெள்ளையும் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் கருத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, அந்தப் பாட்டிலோடு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.