மரமும் மிளகும் மணக்கும் சென்ட் போடுகிறவர் எப்படிப்பட்ட ஆளாகத் தோன்றுவார்?

ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ‘தேர் தெர்மெஸ்’ சென்ட்டையே எடுத்துக்கொள்வோம். ழான் குளோது எலெனா உருவாக்கி, 2006-இல் வந்தது. அடித்த உடனே ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியது போல ஒரு கசப்பு. கொஞ்ச நேரத்தில் மிளகு. அப்புறம் சீடர் (cedar) மரமும் வெட்டிவேரும். மறுநாள் சட்டைக் காலரில் மிஞ்சுவது பெரும்பாலும் இவைதான். ஆரஞ்சின் மூலக்கூறுகள் லேசானவை, சீக்கிரம் ஆவியாகிவிடும். மரத்துடையவை கனமானவை, மெதுவாகத்தான் கிளம்பும். (வெட்டிவேர் பிரெஞ்சிலும் ‘வெத்திவேர்’தான். நம் சொல்தான் அங்கே போயிருக்கிறது.)

சரி, குணம்? இதில் இனிப்பு குறைவு, மண்வாசனை அதிகம். அதனால் நிதானமான, அலட்டிக்கொள்ளாத, முப்பதைத் தாண்டிய ஆள் என்று தோன்றும். இதில் பாதி விளம்பரங்கள் நமக்குப் பழக்கியது என்பேன். வெட்டிவேருக்கு ஆண் பெண் தெரியாது; நம் வீடுகளில் அது பானைத் தண்ணீரில் கிடக்கும்.

இரண்டு முறை அடித்தால் போதும். ஆறு முறை அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினால், அந்த நிதானமான ஆளை யாரும் நம்ப மாட்டார்கள்.