பேத்தியை எந்தச் சுடுதளத்துக்கு அனுப்புவது?

கேள்வி: என் பேத்தி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மகனும் மருமகளும் சிங்கப்பூரில் இருப்பதால் என் பொறுப்பில் வளர்கிறாள். பள்ளி முகாம் ஒன்றில் காற்றுத் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல், முறையாகப் பழக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். காரைக்குடியில் ஒரு கட்டடத்தின் மாடியில், ஆறு பேர் நின்று சுடக்கூடிய சிறிய பயிற்சி மையம் இருக்கிறது. மதுரையில் உள்ள பெரிய கிளப்பில் வெளிநாட்டுத் துப்பாக்கிகள் நிறைய இருப்பதாகச் சொல்கிறார்கள். எதில் சேர்ப்பது? காலமான என் கணவரின் உரிமத் துப்பாக்கி வீட்டுப் பெட்டகசாலையில் இருக்கிறது, அதிலேயே பழகட்டும் என்கிறார் என் கொழுந்தனார். அது சரியா?
— ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதைத் தள்ளிப்போட முடியாது. துப்பாக்கி உரிமம் வீட்டுக்கு உரியது அன்று, ஆளுக்கு உரியது. உரிமம் பெற்றவர் காலமான பின் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து, எழுத்து மூலம் ரசீது பெற வேண்டும். குடும்பத்தில் ஒருவர் அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்பினால், அவர் தம் பெயரில் தனியாக உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அவருக்கு 21 வயது நிறைந்திருக்கவும் வேண்டும். ஆகவே இந்த வாரமே, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகாமல், பழைய உரிமப் புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சென்று, எவ்வாறு ஒப்படைப்பது என்று கேளுங்கள். பல ஆண்டுகள் எண்ணெய் காணாத குழல் எந்த நிலையில் இருக்கும் என்பதைப் பார்த்துச் சொல்ல அனுபவமுள்ளவர்களாலேயே இயலாது. குழந்தை அதன் அருகிலும் போகக் கூடாது.

பேத்தி பழக விரும்புவது வேறு கருவி. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. அழுத்திய காற்று, அரை கிராம் அளவுள்ள 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் கொண்ட அல்லது 0.177 அங்குலத்தைவிடப் பெரிய குழல் கொண்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கே உரிமம் தேவை. போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் அந்த வரம்பில் பாதிகூட இல்லை. ரைஃபிள் பிரிவின் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் 60 முறை அந்தப் பொட்டைத் தேடிச் சுட வேண்டும். மூச்சை அடக்கி, உடலை அசையாமல் நிறுத்தி, விரலை மட்டும் மெல்ல அசைக்கத் தெரிந்தவர்களின் விளையாட்டு இது. பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று உறவினர் யாரேனும் கேட்டால், 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்ற மனு பாக்கரையும், கடலூரில் பிறந்து உலகக் கோப்பைகளில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவனையும் அவர்களுக்கு நினைவூட்டலாம்.

இனி, எந்த இடம் என்பதைப் பற்றி. துப்பாக்கிகளின் எண்ணிக்கையையோ சுவரில் மாட்டிய படங்களையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். பயிற்சி நடக்கும் நேரத்தில் முன்னறிவிப்பின்றிச் சென்று, பின்னால் ஒரு நாற்காலியில் ஒரு மணி நேரம் அமர்ந்திருங்கள். அமர அனுமதி மறுத்தால் அத்துடன் திரும்பி விடலாம். அந்த ஒரு மணி நேரத்தில் தாங்கள் கவனிக்க வேண்டியது ஒருவரைத்தான்: சுடும் வரிசைக்குப் பொறுப்பாக நிற்பவரை. அப்படி ஒருவர் இருக்கிறாரா, அல்லது அவரவர் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறார்களா? அவர் 'ஸ்டாப்' என்று சொன்ன மறுகணம் அனைவரும் துப்பாக்கியைக் கீழே வைக்கிறார்களா, இல்லை 'இந்த ஒன்றை மட்டும் சுட்டுவிடுகிறேன்' என்று யாராவது தொடர்கிறார்களா? யாராவது அட்டை மாற்ற முன்னே செல்லும்போது மற்றவர் கையில் துப்பாக்கி இருக்கிறதா? சுடாத நேரத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் குழலிலும், உள்ளே குண்டு இல்லை என்பதைத் தூரத்திலிருந்தே காட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற நாடா செருகப்பட்டிருக்க வேண்டும். அதைச் 'சேஃப்டி ஃபிளாக்' என்பார்கள். சர்வதேசப் போட்டிகளில் கட்டாயமான இந்த நாடாவின் விலை மிகச் சொற்பம். அதைக்கூட வாங்கி வைக்காத இடத்தில் மற்ற பாதுகாப்பு எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று காரணம். இளம் வயதில் நான் பழகிய ஒரு கிளப்பில், மூத்த உறுப்பினர் ஒருவரின் துப்பாக்கியில் குண்டு சிக்கிக்கொண்டது. யாரிடமாவது காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் அவர் துப்பாக்கியை ஏந்தியபடியே திரும்பினார். குழல் என் மார்பைக் கடந்து சென்றது. அன்று எதுவும் நேரவில்லை. ஆனால் எதிரே நின்ற பொறுப்பாளர் அதைப் பார்த்தார், ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஏனெனில் அந்த உறுப்பினர் கிளப்புக்கு வேண்டியவர். அவருடைய தவறைவிட அந்த மௌனமே என்னை அச்சுறுத்தியது; மறுவாரம் முதல் நான் அங்கே செல்லவில்லை. பெரிய மனிதர், சிறியவர் என்று பாராமல் அந்த இடத்திலேயே அதட்டிச் சொல்லக்கூடிய ஒருவர் உள்ள இடத்தைத்தான் தாங்கள் தேட வேண்டும்.

அடுத்து, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2021 டிசம்பர் இறுதியில், நமக்கு அருகிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தின் நார்த்தாமலைப் பகுதியில், பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்த சுடுதளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்து, சில நாள்களில் அவன் உயிரைப் பறித்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது போர்ப்படைகளுக்குரிய துப்பாக்கி, இது காற்றுத் துப்பாக்கி, இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் குண்டு எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. காரைக்குடி மாடியில் ஒவ்வோர் அட்டைக்கும் பின்னால் குண்டை வாங்கி நிறுத்தும் இரும்புப் பெட்டி இருக்கிறதா, அதற்கும் பின்னால் திடமான சுவர் இருக்கிறதா, இலக்குப் பக்கமாகத் திறக்கும் கதவோ சன்னலோ இருந்தால் அது உள்ளிருந்து பூட்டப்பட்டிருக்கிறதா என்பவற்றைத் தாங்களே நேரில் பாருங்கள். துணி மாற்றும் அறைக்குச் செல்லும் வழி சுடும் வரிசைக்கு முன்புறமாகப் போகிறது என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வேண்டாம்.

குண்டுகள் ஈயத்தால் ஆனவை என்பதால், வளரும் பிள்ளைகளுக்காக இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் ஈயத் தூசி எழும். ஈரத் துணியால் துடைப்பதே முறை. கை கழுவத் தண்ணீரும் சோப்பும் இருக்க வேண்டும். தாங்கள் கொடுத்தனுப்பும் சீடையும் முறுக்கும் சுடும் அறைக்குள் பிரிக்கப்படக் கூடாது, கை கழுவிய பிறகு வெளியில்தான் உண்ண வேண்டும் என்று அவர்களே பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களா என்று பாருங்கள். துப்பாக்கியில் உள்ள காற்று உருளை 200 பார் அளவு அழுத்தத்தைத் தாங்குவது. அதற்குப் பத்தாண்டு ஆயுள் உண்டு, தயாரித்த தேதி அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். தேதியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பயிற்சியாளரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல பயிற்சியாளர் முதல் நாளே பிள்ளையின் கையில் குண்டைக் கொடுத்து மகிழ்விக்க மாட்டார். முதலில் எந்தக் கண் ஆளும் கண், அதாவது குறி பார்ப்பதில் முந்தி நிற்கும் கண், என்று சோதிப்பார், ஏனெனில் வலது கைப் பழக்கம் உள்ளவருக்கும் இடது கண் ஆளும் கண்ணாக இருக்கலாம். அதை அறியாமல் மாதக்கணக்கில் பழகிய பின் மாற்றுவது பெரும் துன்பம். பிறகு நிற்கும் நிலை, மூச்சு, குண்டில்லாமல் விசையை அழுத்திப் பழகுதல் என்று நாள்கள் செல்லும். போட்டி ரைஃபிளின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பெண்ணின் முதுகெலும்பு அதை வாரம் மூன்று நாள் வளைந்து தாங்க வேண்டுமா என்று யோசித்து, எடை குறைந்த, தோளில் பதியும் பின்கட்டையை உயரத்துக்கு ஏற்பச் சுருக்கக்கூடிய துப்பாக்கியைத் தருபவரிடமோ, ஒன்றரைக் கிலோவுக்கு மிகாத பிஸ்டலையும் முயன்று பார்க்கச் சொல்பவரிடமோ சேருங்கள். நிலையைத் திருத்த உடலைத் தொட வேண்டியிருந்தால், சொல்லிவிட்டு, மற்றவர் முன்னிலையில் தொடுகிறாரா, வேறு பெண்பிள்ளைகளும் அங்கே பழகுகிறார்களா, தாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து அமரலாமா என்பவற்றையும் தயங்காமல் கேளுங்கள். கேள்வியால் முகம் சுளிப்பவர் தங்களுக்கு வேண்டாம்.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் கவர்ச்சியில் மதுரையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தேவகோட்டையிலிருந்து மதுரைக்குப் போகவர அரை நாள் ஆகும். மாதம் இருமுறைக்கு மேல் போக இயலாது. இந்த விளையாட்டில் மாதம் இரண்டு முறை நல்ல துப்பாக்கியில் சுடுவதைவிட, வாரம் மூன்று முறை சாதாரணத் துப்பாக்கியில் பழகுவது மேல். மேலே சொன்ன சோதனைகளில் காரைக்குடி மையம் தேறினால் அங்கேயே சேருங்கள். தேறாவிட்டால், அருகில் இருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்க்க வேண்டாம். சற்றுக் காத்திருந்து மதுரையையோ திருச்சியையோ நாடலாம். சேர்வதற்கு முன், தமிழ்நாடு துப்பாக்கி சுடுதல் சங்கத்துடன் அந்த மையத்துக்கு நேரடியாகவோ வேறு கிளப் மூலமாகவோ இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு, அதற்கான தாளையும் பாருங்கள். பின்னாளில் மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது அந்த இணைப்பு இல்லாமல் நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டணத்தில் குண்டு, அட்டை, துப்பாக்கி வாடகை ஆகியவை அடங்குமா என்பதையும் எழுதி வாங்குங்கள். தடித்த துணியும் தோலும் சேர்த்துத் தைத்த சுடுதல் அங்கியை முதல் ஆண்டிலேயே வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வளரும் பிள்ளைக்கு அது ஓர் ஆண்டில் சிறிதாகிவிடும்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் ஆடிய பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டைக்காரர் என்பதால், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் அந்தப் பிரிவின் மீதும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்பே. ஆனால் அது '12 போர்' (bore) எனப்படும் அகன்ற குழல் துப்பாக்கியும், ஒவ்வொரு முறையும் எரியும் தோட்டாச் செலவும், சிதறும் ரவைகள் விழுவதற்கு ஆளற்ற நீண்ட வெளியும் கேட்பது. அதைச் சில ஆண்டுகள் கழித்துப் பேசலாம்.

முதல் நாள் போகும்போது பேத்திக்குத் தளர்வில்லாத முழுக்கைச் சட்டையும், அடி தட்டையான காலணியும் அணிவித்து, கூந்தலைப் பின்னி இறுக்கிக் கட்டி, கண்ணாடி அணிபவளாக இருந்தால் மறக்காமல் அதையும் கொடுத்தனுப்புங்கள். வளையல்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடட்டும்.