பால் சிவக்கவில்லை என்றால் குங்குமப்பூ போலியா?

கேள்வி: என் மகளுக்கு இது ஐந்தாம் மாதம். காஷ்மீர் போய்வந்த உறவினர் இரண்டு கிராம் குங்குமப்பூ வாங்கி வந்தார். பாலில் போட்டால் பால் மஞ்சளாகத்தான் மாறுகிறது, சிவக்கவே இல்லை. இழைகளின் அடியில் வெளிறிய வால் போல ஒன்றும் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் இங்கேயே கடையில் வாங்கியதோ, போட்டவுடன் செக்கச் செவேல் என்று சாயம் இறங்குகிறது. ஏமாந்துவிட்டோமா? தூக்கிப் போட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இருப்பதுதான் அசல். சந்தேகப்பட வேண்டியது எதிர்வீட்டு டப்பியை.

குங்குமப்பூச் செடியின் பூ ஊதா நிறம். அதன் நடுவில் நீண்டிருக்கும் மூன்று சிவப்பு முடிகளை மட்டும் கிள்ளி எடுத்து உலர்த்துகிறார்கள். அந்த முடிதான் நாம் வாங்கும் இழை. இழை சிவப்பு, அது தண்ணீருக்குக் கொடுக்கும் நிறம் மஞ்சள். அதிலுள்ள குரோசின் என்ற நிறப்பொருள் இழைக்குள் நெருங்கிக் கிடக்கும்போது சிவப்பாகத் தெரியும், கரைந்து பரவியதும் பொன்மஞ்சளாகிவிடும். நல்ல குங்குமப்பூ பாலை ஒருநாளும் சிவக்க வைக்காது.

பிறகு ஏன் எல்லோரும் சிவப்பை எதிர்பார்க்கிறோம்? பெயர் செய்த வேலை இது. வடமொழியில் குங்குமம் என்பது முதலில் இந்தப் பூவைத்தான் குறித்தது. பின்னால் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் சிவக்க வைத்த நெற்றிப் பொடிக்கும் அதே பெயர் வந்தது. இன்று பொடியின் நிறத்தைப் பூவிடம் கேட்கிறோம். இந்தியில் இதற்குப் பெயர் கேசர். நம் ரவா கேசரியின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் கல்யாண வீட்டுக் கேசரியின் ஆரஞ்சு நிறம் கேசரி பவுடர் என்ற செயற்கைச் சாயம். மொரீஷியஸில் கடைக்குப் போய், குங்குமப்பூவின் பிரெஞ்சுப் பெயரான ‘சஃப்ரான்’ என்று கேட்டால் மஞ்சள்தூளைக் கொடுப்பார்கள். தேசியக் கொடியின் மேல்பட்டையை ஆங்கிலத்தில் சாஃப்ரன், அதாவது குங்குமப்பூ நிறம் என்கிறார்கள். நாம் சொல்லும் காவியோ காவிக்கல்லிலிருந்து வந்த பெயர். அதே சாஃப்ரன் பெயரால் சொல்லப்படும் பௌத்தத் துறவிகளின் ஆடைக்கும் பலாமரத்தின் வைரம் பாய்ந்த உள்கட்டையைக் காய்ச்சிச் சாயம் ஏற்றினார்கள். காஷ்மீரில் மட்டும் இது கோங். அங்கே எந்தப் பொடியோடும் குழப்பம் இல்லை. இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் கலப்படக்காரர் பிழைக்கிறார். நீங்கள் சிவப்பைக் கேட்கிறீர்கள், அவர் சிவப்பைக் கொடுக்கிறார்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சூடான பாலில் சோதிக்காதீர்கள். அதில் அசலும் வேகமாக நிறம் விடும், ஒன்றும் தெரியாது. கண்ணாடி டம்ளரில் சாதாரணத் தண்ணீர் எடுத்து நாலைந்து இழைகளைப் போட்டுவிட்டு, கலக்காமல் பாருங்கள். அசலாக இருந்தால் முதல் ஒரு நிமிடம் பெரிதாக ஒன்றும் நடக்காது. பிறகு ஒவ்வோர் இழையிலிருந்தும் மஞ்சள் நூல் போல மெல்ல இறங்கும். கால்மணி நேரத்தில் தண்ணீர் பொன்னிறமாகும். இழை சிவப்பாகவே கிடக்கும். போலியாக இருந்தால் சில நொடிகளில் சிவப்போ அடர் ஆரஞ்சோ புகை போல இறங்கி, இழை வெளுத்துவிடும்.

ஊறிய இழையை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு முனை நாதஸ்வரத்தின் அணைசு போல விரிந்து, விளிம்பு ரம்பப்பல்லாக இருக்கும். மறுமுனை ஒடுங்கிக்கொண்டே போகும். சோளக்கதிர் நாரைச் சாயத்தில் தோய்த்திருந்தால் இரண்டு முனையும் ஒரே பருமன். குங்குமப்பூ என்று விற்கும் குசும்பாப் பூவாக இருந்தால் சின்னக் குழாயும் அதன் நுனியில் ஐந்து பிளவுகளும் தெரியும். கடைசியாக ஓர் இழையை நாக்கில் வையுங்கள். வாசனை இனிப்பாகத் தோன்றலாம், ருசி இலேசாகக் கசக்கத்தான் வேண்டும். இனித்தால் தேனோ சர்க்கரைப்பாகோ ஏற்றியிருக்கிறார்கள்.

இனி அந்த வால். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நல்ல சரக்கைப் பலர் குப்பையில் போடுவது இதனால்தான். சிவப்பு முடிகள் மூன்றும் அடியில் ஒரு வெளிர்மஞ்சள் தண்டில் சேர்கின்றன. தண்டை நீக்கிவிட்டுச் சிவப்புப் பகுதியை மட்டும் விற்றால் அது மோங்க்ரா. தண்டோடு விற்றால் லச்சா. இரண்டும் அசல், இரண்டும் ஒரே பூவிலிருந்து வருபவை. உங்களிடம் இருப்பது லச்சா. ஆனால் அந்த வாலில் நிறமும் இல்லை, மணமும் அநேகமாக இல்லை; எடை மட்டும் உண்டு. ஆகவே லச்சாவுக்கு மோங்க்ரா விலை கொடுத்திருந்தால் நஷ்டம்தான். அது விலையில் நேர்ந்த ஏமாற்று, பொருளில் அல்ல. இதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. வாலுக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசி மோங்க்ரா என்று விற்பார்கள். தண்ணீரில் போட்டால் தலை சிவப்பாகவே இருக்க, வால் மட்டும் வெளுக்கும். அப்படி வெளுத்தால் அந்தச் சரக்கு வேண்டாம். உங்களுடையதில் வால் முதலிலேயே வெளிறித்தான் இருக்கிறது; யாரும் அதைத் தொடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

தூளாக விற்பதை மட்டும் எந்த நிலையிலும் வாங்காதீர்கள். தூளானபின் வடிவத்தைப் பார்க்க வழியில்லை, மஞ்சள்தூள் கலப்பது மிகச் சுலபம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒரு சிட்டிகையைச் சுண்ணாம்புத் தெளிநீரில் போடுங்கள். மஞ்சள் கலந்திருந்தால் சிவக்கும்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. படகுவீட்டு வாசலில், சுற்றுலா வண்டி நிறுத்துமிடத்தில், சால்வை மூட்டையோடு நம் ஊர்த் தெருவில் என்று எங்கே உதிரியாக நிறுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எடை கூட்டுவதற்காகக் கிளிசரின், எண்ணெய் தடவி ஈரப்பதமாக வைத்திருப்பார்கள். தொட்டால் பிசுபிசுக்கும், டிஷ்யூ காகிதத்தில் வைத்து அழுத்தினால் கறை படியும். நன்றாகக் காய்ந்த அசல் இழை விரலில் ஒடியும். விலையையும் யோசியுங்கள். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூ வேண்டும். அத்தனையையும் அக்டோபர், நவம்பர் விடியற்காலையில் குனிந்து கையால் பறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று முடிகளைப் பிரிக்க வேண்டும். அதை கிராம் நூறு ரூபாய்க்கு யாரும் தர முடியாது. “எங்கள் தோட்டத்துப் பூ, உங்களுக்காகப் பாதி விலை” என்றால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஷ்மீரின் பாம்போரில் அரசு மையம் ஒன்று சரக்கைச் சோதித்துத் தரம் பிரித்துக் குறியீட்டு முத்திரையும் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த முத்திரை இல்லாமலேயே காஷ்மீர் என்று அச்சடித்த டப்பிகள் நம் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. உலகச் சரக்கில் பெரும்பகுதி ஈரானில் விளைகிறது. அது தரக்குறைவும் அல்ல. அதை ஈரான் என்றே சொல்லி விற்பதில் என்ன கஷ்டம்? நிறத்திறனை அளக்க ஐ.எஸ்.ஓ. 3632 என்ற தரநிர்ணயம் இருக்கிறது, முதல் தரத்துக்குக் குறைந்தது 200 வேண்டும். அந்த ஓர் எண்ணைப் போட ஒரு கிராம் டப்பியில் இடமில்லையாம். கர்ப்பிணிப் பெண் படம் போட மட்டும் இடமிருக்கிறது! 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம் என்கிறது. ஒரு கிராம் டப்பி ஆய்வகத்துக்குப் போதாது. சோதனைக்கு வேண்டிய அளவை மறுபடி காசு கொடுத்து வாங்க எந்தக் குடும்பத்தால் முடியும்? இதை மாற்றாமல் ‘விழிப்புணர்வு’ என்று நுகர்வோர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை.

மகளுக்குக் கொடுப்பது பற்றி. குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவில் இருப்பது, பாலில் இல்லை. மணத்துக்காக ஒரு டம்ளர் பாலுக்கு மூன்று நான்கு இழை போதும். அதையும் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். சமையல் அளவைத் தாண்டிக் கிராம் கணக்கில் சாப்பிடுவது கர்ப்பிணிகளுக்கு ஆபத்து. இழைகளை இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிறகு டம்ளரில் சேருங்கள். நெய்யில் வறுக்க வேண்டாம். குரோசின் தண்ணீரில் கரையும், நெய்யில் கரையாது. மீதியைக் காற்றுப் புகாத சின்ன டப்பியில் அடைத்து, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள்.

எதிர்வீட்டிலும் இன்றே அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். இழை வெளுத்தால் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மீதியை டப்பியோடும் பில்லோடும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, ஒப்புகை வாங்கச் சொல்லுங்கள்.