சைக்கிள் பிரேமில் மாட்டும் பம்பு வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பாளையங்கோட்டையிலிருந்து களக்காடு வரை கியர் சைக்கிளில் போய்வர, பிரேமிலேயே மாட்டும் பம்பு எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வால்வைப் பாருங்கள். தடித்த டயர் கியர் சைக்கிளில் பெரும்பாலும் மோட்டார் பைக்கில் இருக்கும் அதே ஷ்ரேடர் வால்வுதான். ரேஸ் சைக்கிள் என்றால் ஒல்லியான பிரெஸ்டா. பம்பின் வாய் இதற்குப் பொருந்தாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

அப்புறம் பம்பின் பருமன். பருத்த பம்பு ஒரு அடிக்கே நிறையக் காற்றைத் தள்ளும். 40 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும் என்கிற தடித்த டயருக்கு அதுவே சரி. 80, 100 வேண்டிய மெல்லிய டயருக்கு ஒல்லிப் பம்பு. பருத்ததில் அந்த அழுத்தத்துக்குக் கை அமுக்காது. உங்கள் டயருக்கு எவ்வளவு என்பது அதன் பக்கவாட்டிலேயே இருக்கும்.

அழகாக இருக்கிறதே என்று சாண் நீளப் பம்பு வாங்காதீர்கள். நாங்குநேரிப் பக்கம் உடைமுள் குத்தி, உச்சி வெயிலில் இருநூறு அடி அடித்தவன் சொல்கிறேன். பிரேமில் இடத்தை டேப் வைத்து அளந்து, பாட்டில் இடிக்காத அளவுக்கு நீளமானதாகவே எடுங்கள். வாயில் சிறு ரப்பர் குழாய் இருந்தால் அடிக்கிற ஆட்டத்தில் வால்வின் அடி பிய்யாது. செம்மணல் மேடுகளான தேரிப் பக்கம் போவீர்களென்றால் வாய்க்கு மூடியும் வேண்டும். அந்தச் செம்மண் எதிலும் புகுந்துவிடும்.