ஒழுகும் மன்றமும் பத்து வருட கியாரண்டியும்

இந்த வாரக் கடிதங்களில் பாதி, குடியிருப்பு மனமகிழ் மன்றங்களிலிருந்து வந்தவை. மழை நன்றாகப் பெய்திருக்கிறது என்று அதிலேயே தெரிகிறது.

கேள்வி: எங்கள் நகர் மன்றக் கட்டடத்துக்கு 34 வயது. கேரம் அறை ஒழுகியதால் மொட்டைமாடிக்கு ரசாயனப் பூச்சு அடித்தோம். செலவு 1,40,000 ரூபாய், 10 வருட கியாரண்டி. ஐப்பசி மழையிலேயே மறுபடி ஒழுகல். ஒப்பந்ததாரரைக் கேட்டால், ‘இது வேற இடம் சார்’ என்கிறார்.
(செயலாளர், தாம்பரம்)

பதில்: உங்கள் மேல் கோபமில்லை, அந்த ‘10 வருடம்’ மேல்தான். கியாரண்டித் தாளை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் அது பூச்சுக்குக் கம்பெனி தரும் உறுதியாக இருக்கும், பூசிய வேலைக்கு இருக்காது. பூச்சு கெட்டது என்று நிரூபித்தால் இன்னும் இரண்டு வாளி தருவார்கள். பழசைச் சுரண்டும் கூலி, நனைந்த கேரம் போர்டு எல்லாம் உங்கள் தலையில்.

அந்தக் காலத்து மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். ஓடுகளின் இணைப்பு விட்ட இடம், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய்: தண்ணீர் அதிகம் இறங்குவது இந்த மூன்று வழியாகத்தான். அதைத் தேடாமல் மேலாகப் பூசினால் முதல் மழை வரைதான் தாங்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் வீட்டு மாடிக்கு அடுத்தடுத்து இரண்டு வருடம் வாளி வாளியாக வெள்ளைப் பூச்சு வாங்கினேன். மூன்றாம் வருடம் ஒரு பிளம்பர் வந்து குழாய்க்குள் கைவிட்டு ஒரு ரப்பர் பந்தை எடுத்தார். கூலி 300 ரூபாய். பந்து எதிர்வீட்டுப் பையனுடையது, கொடுத்துவிட்டேன்.

சரி, உங்கள் விஷயம். ஒழுகும் இடத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும். அடுத்த முறை எந்தெந்தப் பகுதி, கூலி சேர்த்தா, புகார் சொன்னால் எத்தனை நாளில் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து, மாடியில் ஓரிரு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகே கடைசித் தவணை. தளம் ஏற்கெனவே பலவீனம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் தண்ணீர் கட்டாதீர்கள்.

கேள்வி: மன்ற ஹாலில் 12 மின்விசிறிகளும் மெதுவாகச் சுற்றுகின்றன. எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?
(மதுரை)

பதில்: முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: உடற்பயிற்சி அறைக்குத் தள்ளுபடியில் டிரெட்மில் வாங்கினோம். ஐந்தே மாதத்தில் மோட்டார் போய்விட்டது. வாரண்டி செல்லாதாம்.
(பொருளாளர், கோவை)

பதில்: ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று வாரண்டி அட்டையில் இருக்கிறதா, பாருங்கள். வீட்டுக்குச் செய்த இயந்திரத்தில் காலையும் மாலையும் முப்பது பேரை ஓடவிட்டால் மோட்டார் என்ன செய்யும்? பொது இடத்துக்கு என்று சொல்லியே கடைக்காரர் விற்றிருந்தால், அதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால், மறுபடி எழுதுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி: புது டேபிள் டென்னிஸ் மேசை மூன்றே வாரத்தில் வளைந்து, ஓரம் பிரிந்துவிட்டது. பிள்ளைகள் உண்டியல் சேர்த்த பணமும் அதில் இருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர்.
(தஞ்சாவூர்)

பதில்: காட்டட்டும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. இன்றே எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் கடைக்கு அழைத்துப் போங்கள். சட்டத்தில் அது இல்லை, ஆனாலும் போங்கள்.

கேள்வி: வாசிப்பறைக் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மேஸ்திரி 8,000 ரூபாயில் பூசித் தருவதாகச் சொல்கிறார். நியாயமான விலையா?
(திருச்சி)

பதில்: விலையா கேட்கிறீர்கள்? அறையை இன்றே பூட்டுங்கள். துருவேறிய கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளுகிறது. பெரியவர்கள் பேப்பர் படிக்கும்போது தலையில் விழும். மேலே பூசினால் துரு மறையும், நிற்காது. கட்டடப் பொறியாளர் பார்த்து எழுதித் தந்த பிறகு மேஸ்திரியைக் கூப்பிடலாம்.

கேள்வி: மன்றத்துக்கு பெயின்ட் அடித்த கூலி, சாமான் எதற்கும் பில் வாங்கவில்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி மிச்சம் என்றார்கள். இப்போது உரிகிறது.
(வேலூர்)

பதில்: மிச்சம் பிடித்ததை வைத்து இன்னொரு கோட் அடியுங்கள். பில்லோடு.